இரண்டணா ரசீது

வரி என்றால் என்ன என்று எங்கள் வாத்தியார் கேட்டபோது எனக்குப் பதில் தெரிந்திருந்தது. "எங்க நைனா வருஷா வருஷம் கர்ணத்தத் திட்டிகினே கட்றது சார்" என்று எழுந்து நின்று சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். வாத்தியார் சிரிக்கவில்லை. யாருக்குக் கட்டுகிறார் என்று கேட்டார். ஊர்க் கணக்கு எழுதுகிற கர்ணத்துக்கு என்றேன். பலகை துடைக்கிற கட்டை பறந்து வந்து என் தோளில் விழுந்தது. கர்ணம் வாங்கிக் கொடுக்கிற கை மட்டுந்தான், பணம் போய்ச் சேருகிற இடம் வேறு என்பதை நான் அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

அவரைப் பற்றி உருகி எழுத என்னால் முடியாது. அம்மையார்குப்பத்தில் தறி நெய்கிற வீட்டிலிருந்து வந்தவர். முப்பது வயதுகூட இருக்காது. எலும்பும் கோபமுமான மனிதர். தப்பாகப் பதில் சொன்னால் அடிப்பார். புத்தகத்தில் இருப்பதை அப்படியே ஒப்பித்தால் இன்னும் ஓங்கி அடிப்பார். யுத்தம் முடிந்து ஒரு வருஷம் ஆகியும் நூல் கிடைக்கவில்லை, சீமெண்ணெய் கிடைக்கவில்லை என்று அதற்கும் எங்கள் மேல்தான் எரிந்து விழுவார். ஐந்தாம் வகுப்பில் எங்கள் ஒருவருக்கும் அவரைப் பிடிக்காது. நான் அப்போது பத்து வயதுப் பெண். இவருக்குச் சீக்கிரம் மாற்றல் வரவேண்டும் என்று மலைமேல் இருக்கிற முருகனிடம் நான் வேண்டிக்கொண்டதுகூட உண்டு.

ஆனால் வரிப் பாடத்தை அவர் நடத்தியதைப் போல வேறு எந்தப் பாடத்தையும் யாரும் எனக்கு நடத்தியதில்லை. முதல் நாள் ஆளுக்கு ஒரு பிடி உப்பு கொண்டுவரச் சொன்னார். யார் யார் வீட்டில் வரி கட்டுகிறீர்கள் என்று கேட்டார். நிலம் வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகள் மட்டும் கையைத் தூக்கினோம். கடைசி வரிசையில் இருந்த முனிசாமி, தங்களுக்குக் காணி நிலம்கூடக் கிடையாது, அதனால் வரியும் கிடையாது என்றான். அவனுடைய அப்பா வைக்கோல் சுமக்கிற கூலி. வாத்தியார் அவனை முன்னால் கூப்பிட்டு, அவன் உள்ளங்கையில் உப்பை வைத்து நக்கச் சொன்னார்.

"இந்த உப்புல சர்க்கார் பங்கு இருக்குது. உங்கம்மா கடையில உப்பு வாங்கறப்பவே வரியையும் கட்டிட்டாங்க. நெருப்புப்பெட்டி வாங்கறப்ப மறுபடியும் கட்றாங்க. இந்த ஊர்ல வரி கட்டாத ஆளே கிடையாது. உங்க வீட்ல கட்டலன்னு எவனாவது சொன்னா, அவன் பொய் சொல்றான்."

முனிசாமி மணியடிக்கிற வரைக்கும் அந்த உப்பை நக்கிக்கொண்டே நின்றான். அன்று சாயங்காலம் வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் தானும் வரி கட்டுவதாகச் சொல்லிக்கொண்டு போனான்.

மறுநாள் பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்தார். இந்தப் பக்கம் வரவு, அந்தப் பக்கம் செலவு. சாலை, தெருவிளக்கு, கிணறு, ஆஸ்பத்திரி என்று எழுதிக்கொண்டே வந்து, கடைசியில் தம்முடைய சம்பளத்தையும் எழுதினார். "இது உங்க வீட்டுப் பணம். நான் சரியா சொல்லித்தரலன்னா ஏன்னு கேக்கலாம்" என்றார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்தக் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவரிடம் யார் கேட்பது?

மூன்றாம் நாள் குத்தகை. எல்லா இடத்திலும் சர்க்காரே நின்று வசூல் பண்ண முடியாது, அதனால் ஏலம் விடுவார்கள், ஏலம் எடுத்தவர் மொத்தமாக ஒரு தொகையைக் கட்டிவிட்டு, விதித்த கட்டணத்தை ஜனங்களிடம் வாங்கிக்கொள்வார், விதித்ததற்கு மேல் ஒரு தம்பிடிகூட வாங்கக் கூடாது, வாங்கினதற்கு ரசீது கொடுக்கவேண்டும் என்றார். நான் எழுந்து, வண்டிப்பேட்டையைக் குத்தகைக்கு எடுத்திருப்பது எங்கள் மாமா என்று பெருமையாகச் சொன்னேன். வாத்தியார் என் பக்கத்தில் வந்து நின்றார். முதல் தடவையாக அவர் என்னிடம் தணிந்த குரலில் பேசினார். ஆடிக் கிருத்திகைக்குப் பள்ளிக்கூடம் விடுமுறை. அன்றைக்கு நானும் முனிசாமியும் பேட்டைக்குப் போய், எத்தனை வண்டி வருகிறது, என்ன வாங்குகிறார்கள், ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று குறித்துக்கொண்டு வரவேண்டும் என்றார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. முதல் மனைவி செத்துப்போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. என் அக்காவை அவருக்குக் கொடுப்பது என்று அம்மா முடிவு செய்திருந்தாள். அக்காவுக்குப் பதினாறு வயது, அவருக்கு முப்பத்தைந்து. எங்கள் பக்கத்தில் அது ஒரு வித்தியாசமே இல்லை. சொத்து வெளியே போகாது, பெண் கண்ணெதிரிலேயே இருக்கும் என்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள்.  வீட்டு விஷயம் எதிலும் நைனா வாய் திறக்கமாட்டார். எனக்கு மாமாவை மிகவும் பிடிக்கும். வந்தால் வெறுங்கையோடு வரமாட்டார்.

கிருத்திகையன்று விடியும்போதே பேட்டை நிரம்பத் தொடங்கியிருந்தது. நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் திருவாலங்காட்டுப் பக்கத்திலிருந்தும் வண்டி மேல் வண்டியாக வந்துகொண்டிருந்தது. வாசலில் கீற்றுக் கொட்டகை போட்டு, மேஜை மேல் தகரப்பெட்டியோடு மாமா உட்கார்ந்திருந்தார். கட்டண விவரம் எழுதிய பலகை ஒன்று உண்டு. அதற்கு முன்னால் வைக்கோல் கட்டுகளை ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். அதை அடுக்கியவர் முனிசாமியின் அப்பாதான். பள்ளிக்கூடத்துக்காக எண்ண வந்திருக்கிறோம் என்று மாமாவிடம் சொன்னேன். அவர் சிரித்து, என் தலையைத் தடவி, "எண்ணு, எண்ணு, நாளைக்கு நீதான் என் கணக்குப்பிள்ளை" என்று சொல்லி எனக்கு ஒரு கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். முனிசாமிக்கு வாங்கிக் கொடுக்கவில்லை.

முனிசாமி ஒரு வண்டிக்கு ஒரு கூழாங்கல்லாகப் போட்டுக்கொண்டு வந்தான். நான் நோட்டில் எழுதினேன். தமிழ்க்காரர்களிடம் தமிழிலும் தெலுங்குக்காரர்களிடம் தெலுங்கிலும் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டோம். எல்லாரும் நாலணா என்றார்கள். ரசீதில் இரண்டணா என்றிருந்தது. படிக்கத் தெரியாத கிழவர் ஒருவர் ரசீதை என்னிடம் நீட்டிப் படிக்கச் சொன்னார். "ரெண்டணா தாத்தா" என்றேன். அவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தடியோடு நின்ற மாமாவின் ஆளைப் பார்த்தார். பிறகு சீட்டை மடித்துத் தலைப்பாகைக்குள் செருகிக்கொண்டு மாட்டை ஓட்டினார்.

எனக்கு அதில் தப்பாக ஒன்றும் தெரியவில்லை. சர்க்காருக்கு இரண்டணா, மாமாவுக்கு இரண்டணா, குத்தகை என்றால் இதுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

பேட்டைக்குள் ஒரு கிணறு இருந்தது. வண்டிக்காரர்கள் கொடுக்கிற கட்டணத்தில் தண்ணீரும் சேர்த்தி என்று வாத்தியார் சொல்லியிருந்தார். ஆனால் கயிறும் வாளியும் மாமாவின் ஆள் கையில் இருந்தன. குடம் காலணா. மொட்டையடித்த தலையில் சந்தனம் காயாத ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு தெலுங்குப் பெண் வந்து நின்றாள். தண்ணீருக்குமா துட்டு என்று கேட்டாள். அவன் அடுத்த ஆளுக்கு வாளியை இறக்கினான். அவள் மாட்டுத் தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீரில் முந்தானையை நனைத்து, குழந்தையின் வாயில் பிழிந்தாள். நான் இரண்டு கஜ தூரத்தில் உட்கார்ந்து கலர் சோடாவைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன். இதை எழுதும்போது அந்தப் பத்து வயதுப் பெண்ணை இழுத்து இரண்டு அறை வைக்கவேண்டும் போலிருக்கிறது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நோட்டை அக்காவிடம் காட்டினேன். அக்கா என்னைப் போல ஐந்தாவது வரைக்கும் படித்தவள். கணக்கில் என்னைவிடக் கெட்டி. பக்கத்தை மேலிருந்து கீழாகப் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"இது நெசமா?"

"ஆங். நானே பாத்து எழுதினேன்."

 நோட்டைத் தன் புடவைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடம் திறந்த அன்று காலையில் நான் மறந்துவிட்டுக் கிளம்ப, வாசல்வரை ஓடிவந்து அதை என் கையில் கொடுத்தாள்.

வாத்தியார் என் நோட்டையும் முனிசாமியின் கூழாங்கல் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பலகையில் ஒரு பக்கம் நாலணா என்றும் மறுபக்கம் இரண்டணா என்றும் எழுதினார். கிணற்றைப் பற்றிக் கேட்டார். முனிசாமி கயிற்றையும் வாளியையும் பற்றிச் சொன்னான். மிகக் கோபம் வந்தால் அவர் கத்தமாட்டார் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. பலகையைப் பார்த்துக்கொண்டே, "இதுக்குப் பேர் வரி இல்ல, திருட்டு" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு என்னை வெளியே கூப்பிட்டார்.

"உங்க மாமான்னு தெரிஞ்சுதான் உன்னை அனுப்பினேன். வேற பிள்ளைங்களா இருந்தா அங்க உக்காரவே வுட்டிருக்க மாட்டாங்க. நான் செஞ்சது சரின்னு சொல்லமாட்டேன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலையை ஆட்டினேன். இன்றைக்கு விளங்குகிறது, விளங்குவதால் அவர் மேலும் கோபம் இருக்கிறது. ஊரில் அத்தனை பெரியவர்கள் இருந்தார்கள். வண்டிக்குப் பின்னால் வண்டி, நாள் முழுக்க, எல்லார் கண்ணுக்கும் முன்னால் நடந்த விஷயம். அதைக் கேட்க இவருக்கு இரண்டு குழந்தைகள்தான் கிடைத்தார்களா?

வாத்தியார் மேலதிகாரிகளுக்கு மனு எழுதினார். என் நோட்டுப் பக்கங்களைக் கிழித்து அதோடு வைத்து அனுப்பினார். ஆவணி பிறந்ததும் விசாரணைக்கு ஆள் வரப்போகிறது என்று தெரிந்தது. மாமா வீட்டுக்கு வந்தார். அவர் என்னைத் திட்டவில்லை, தொடவுமில்லை. கூடத்தில் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்துவிட்டு, நிலைமையை மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அடித்தது அம்மாதான். தோசைத் திருப்பியின் காம்பால் முழங்காலுக்குக் கீழே வரிசையாக அடித்தாள்.

"கேஸாயிட்டா உங்க மாமன உள்ள வச்சிடுவாங்க. ஊர் கூடி நிச்சயம் பண்ண பொண்ணு. அப்புறம் எவன் வந்து உங்கக்காவ கட்டுவான்? நீயே சொல்லு, எவன் வருவான்?"

பிறகு அம்மாவே என் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு, மாமா அக்காவுக்குச் செய்து கொண்டுவந்திருந்த அட்டிகையை எடுத்துக் காட்டினாள். கிருத்திகை முடிந்த வாரம் வந்த அட்டிகை. சிவப்புக் கல் வைத்தது. எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா? அந்தக் கிழவர் தலைப்பாகைக்குள் செருகிக்கொண்ட சீட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று என் வீட்டில் ஒருவர்கூட எனக்குச் சொல்லவில்லை. சரியாகக் காதில் விழவில்லை, கூட்டமாக இருந்தது என்று சொன்னால் போதும் என்று அம்மா சொல்லிக் கொடுத்தாள். பத்துத் தடவை சொல்லவைத்துப் பார்த்தாள்.

விசாரணை அன்று காலையில் அக்கா எனக்குத் தலை பின்னிவிட்டாள். அம்மா மாட்டுக் கொட்டகையில் இருந்தாள். அக்கா பின்னலை இழுத்து இழுத்துப் பின்னினாள், எனக்கு வலித்தது.

"உள்ளத சொல்லு. நீ கண்ணால பாத்தத அப்டியே சொல்லு."

"சொன்னா உன் கல்யாணம் நின்னுபூடும்னு அம்மா சொன்னாங்க."

அவள் கை கொஞ்சம் நின்றது. "ஆங். தெரியும்" என்றாள்.

என் அக்காவைப் போல ஒருத்தி உலகத்தில் உண்டா? தன் கல்யாணமே போனாலும் பரவாயில்லை, தங்கை பொய் சொல்லக் கூடாது என்கிறாளே. அப்படிப்பட்டவளுடைய கல்யாணத்தை நிற்கவிடுவதா? பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு போனேன். அது வரைக்கும் எனக்குக் கொஞ்சம் தயக்கம் இருந்தது. அவள் பேசிய பிறகு இல்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரி தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் மாமா, வெற்றிலைத் தட்டோடு. வாத்தியார் கதவோரம் நின்றார். அவருக்கு நாற்காலி போடவில்லை. முதலில் முனிசாமியைக் கூப்பிட்டார்கள். அவன் நாலணா வாங்கினார்கள், இரண்டணா ரசீது கொடுத்தார்கள், தண்ணீருக்குக் காலணா என்று மூச்சு விடாமல் சொன்னான். உன் அப்பா என்ன செய்கிறார் என்று அதிகாரி கேட்டார். பேட்டையில் வைக்கோல் இறக்குகிறார் என்று முனிசாமி மாமாவைப் பார்த்துக்கொண்டே சொன்னான். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டார். யாருமில்லை, தானே பார்த்தது என்றான். அவன் பேசி முடிக்கிற வரைக்கும் அதிகாரியின் பேனா மேஜை மேலேயே கிடந்தது. அவனுக்கு இழக்க என்னைவிட அதிகம் இருந்தது. அவன் சொன்னான். அவர் எழுதிக்கொள்ளவில்லை. எனக்கு யார் மேல் எவ்வளவு கோபம் என்று வரிசை போட்டுப் பார்த்திருக்கிறேன். அந்தப் பேனாவுக்கு அதில் முதல் இரண்டு இடத்துக்குள் எப்போதும் இடமுண்டு.

பிறகு நான். குத்தகைதாரரின் சொந்த அக்கா மகள் என்று யாரோ சொல்ல, அதிகாரி முகம் மலர்ந்தார். நாலணா என்று எழுதியிருக்கிறாயே, சரியாகக் கேட்டாயா என்றார். கூட்டமாக இருந்தது, சரியாகக் காதில் விழவில்லை என்று சொல்லிக் கொடுத்தபடியே சொன்னேன். அத்தோடு முடிந்திருக்கவேண்டும். அவர் பேனாவை எடுத்துக்கொண்டு, "அப்போ வாத்தியார் எழுதச் சொன்னாரா?" என்று கேட்டார்.

இதற்கு அம்மா எனக்கு ஒன்றும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. இல்லை என்றால் மேலும் மேலும் கேட்பார் என்று தோன்றியது. என் தோளில் விழுந்த கட்டையும் ஞாபகத்துக்கு வந்தது. தலையை ஆட்டினேன்.

"வாயத் தொறந்து சொல்லும்மா."

"ஆங். அவருதான் எழுதச் சொன்னாரு."

பேனா ஓடிற்று. வாத்தியார் என்னைப் பார்த்தார். தப்பான பதிலுக்கெல்லாம் கையில் கிடைத்ததை எறிகிற மனிதர், அந்தப் பதிலுக்கு ஒன்றையும் எறியவில்லை.

அடுத்த மாதமே அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். கடைசி நாளன்றும் வந்து பின்னக் கணக்கு நடத்தி, இரண்டு பேரை அடித்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போனார். நூல் கிடைக்காத ஊருக்குத் தறி நெய்யப் போனாரா, வேறெங்காவது போனாரா, எனக்குத் தெரியாது. விசாரிக்க எனக்கு முகமில்லை. முனிசாமியின் அப்பாவுக்குப் பேட்டையில் வேலை நின்றது. முனிசாமி பள்ளிக்கூடத்துக்கு வருவது நின்றது. சில நாள் கழித்து ஆடு ஓட்டிக்கொண்டு போகும்போது எதிரில் பார்த்தேன். அவன் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஓரமாக ஒதுங்கி எனக்கு வழிவிட்டான்.

மாமா பெரிய மனசு பண்ணி, நடந்ததையெல்லாம் மறந்து, எங்கள் வகுப்புக்குப் புதுக் கரும்பலகை ஒன்று செய்து கொடுத்தார். கீழே உபயம் என்று வெள்ளை எழுத்தில் அவர் பெயர். புதிதாக வந்த வாத்தியார் எங்களை எழுந்து நின்று கைதட்டச் சொன்னார், தட்டினோம். ஊராரிடம் இரண்டணா இரண்டணாவாக எடுத்ததில் ஒரு துளியை ஊருக்கே தானமாகத் திருப்பிக் கொடுத்துக் கைதட்டும் வாங்கிக்கொள்ளலாம் என்ற பாடம் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. வரிப் பாடத்தில் மீதியிருந்ததைப் புது வாத்தியார் பரீட்சைக்கு வராது என்று விட்டுவிட்டார்.

விசாரணை முடிந்த அன்று மூச்சிரைக்க ஓடிவந்து முதலில் அக்காவிடந்தான் சொன்னேன். அவள் கிணற்றடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். இனிமேல் பயமில்லை, உன் கல்யாணம் நிற்காது, நான் சரியாகச் சொல்லிவிட்டேன் என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கையில் இருந்த வெண்கலச் செம்பையே திரும்பத் திரும்பப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷந்தானே என்று கேட்டேன். செம்பைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். அன்றையிலிருந்து எனக்குத் தலை பின்னிவிடுவதில்லை. சோறு போடுவாள், முகம் பார்க்கமாட்டாள். அம்மா, கல்யாணப் பெண்ணுக்கு ஆயிரம் நினைப்பு இருக்கும், நீ போய்த் தொணதொணக்காதே என்றாள்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. அட்டிகை அவள் கழுத்தில் ஜொலித்தது. அவள் அழுததைப் பார்த்து, பிறந்த வீட்டை விட்டுப் போகிற துக்கம் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். பிறந்த வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது.

புதுப்பெண்ணோடு தங்கையும் போய் மூன்று நாள் இருந்துவிட்டு வருவது எங்கள் வழக்கம். எனக்குப் பாவாடை சட்டையெல்லாம் எடுத்து வைத்திருந்தார்கள். கூண்டு வண்டியில் அக்கா ஏறி உட்கார்ந்ததும் நான் பின்னால் ஓடிப்போய் வண்டியின் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். அக்கா குனிந்து என் விரல்களை ஒவ்வொன்றாகச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டாள். முரட்டுத்தனமாக இல்லை. ஐந்து விரலையும் எடுத்துவிட்டு, கூண்டுக்குள் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். வண்டி நகர்ந்தது.

நான் தெருப் புழுதியில் உட்கார்ந்து காலை உதைத்து அழுதேன். கல்யாணத்துக்கு வந்தவர்கள் தூக்கிச் சமாதானம் செய்தார்கள், நான் அடங்கவில்லை. இந்தக் கல்யாணமே என்னால்தான் நடந்தது, அதற்காக எவ்வளவு பெரிய பொய் சொல்லியிருக்கிறேன், அது தெரிந்தும் என்னை விட்டுவிட்டுப் போகிறாளே, எவ்வளவு கெட்ட அக்கா என்று அந்த வண்டி திரும்பி மறைகிற வரைக்கும் அவளைத் திட்டிக்கொண்டே இருந்தேன்.